பெல்ஜியத்தின் மேல் ஒரு கிளைம்

ஆம்பூரில் காசு கொடுத்து நாய் வாங்கிய முதல் ஆள் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். இதற்காக ஊர் அவனுக்குச் சிலை வைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானாவது எழுதி வைக்கிறேன்.

மற்றவர்களுக்கெல்லாம் நாய் தானாக அமைகிறது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் படுத்திருக்கும். இந்த வீட்டுக்காரன் இனிமேல் நம்ம ஆள் என்று ராத்திரியே அது முடிவு பண்ணியிருக்கும். எங்கள் ஊர் நாய்களுக்கு வசதி ஜாஸ்தி. பைபாஸ் ஓரத்து நாய்கள் பிரியாணியில் கறியைத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கிவிடும், சர்க்கரை வியாதி. அதில் ஒரு செவலை நாய், கடைக்காரன் போட்ட எலும்பை முகர்ந்து பார்த்தது. நேற்றைய சரக்கு என்று தெரிந்ததும், வாயில் கவ்விக்கொண்டு போய்க் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றது. கடைக்காரன் வேறு எலும்பு கொடுத்தான். நான் கண்ணால் பார்த்தேன். தோல் ஊரில் பிறந்த நாய், வியாபாரம் தெரியாமல் இருக்குமா?

மாடியில் இருக்கிற இன்பராஜுக்கும் வியாபாரம் தெரியும். ஷூ கம்பெனியில் ஏற்றுமதி செக்‌ஷனில் இருக்கிறான். இங்கிருந்து ஷூ கன்டெய்னரில் ஏறிப் போகும். அங்கே வெளிநாட்டுக்காரன் பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, போட்டோ பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவான். இடது கால் ஷேடு கம்மி, தையல் ஒரு நூல் தள்ளியிருக்கிறது, அதனால் விலையில் இவ்வளவு தள்ளுபடி கொடு என்பான். இதற்குப் பெயர் கிளைம். சரக்கைத் திருப்பி எடுத்துவரும் கப்பல் கூலி சரக்கைவிட ஜாஸ்தி. அதனால் கம்பெனி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுபடி கொடுத்துவிடும். கொடுப்பார்கள் என்று வெளிநாட்டுக்காரனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று இவர்களுக்கும் தெரியும். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொன்னது கிடையாது.

இன்பராஜ் எப்போதும் கொடுக்கிற பக்கத்திலேயே நின்றவன். அவனை ரொம்பப் படுத்தியது பெல்ஜியத்து பாஸ்கல். பெட்டியைத் திறந்தால் மசாலா வாசனை வருகிறது என்றுகூட கிளைம் போட்டு வாங்கிவிட்டான் அந்த மனுஷன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த இன்பராஜ், மெர்சி வைத்த மீன் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

மெர்சி அவன் மனைவி. அவளும் கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள்தான். முதுகுவலி வந்து நின்றுவிட்டாள். இருநூறு மிஷின் சத்தத்தில் இருந்தவளை மாடியில் தனியாக உட்கார வைத்தால் என்ன ஆகும்? சுவர்க் கடிகாரத்தோடு பேச ஆரம்பித்தாள். கடிகாரமும் பதில் சொன்னது, ஆனால் எப்போதும் ஐந்து நிமிஷம் தாமதமாக. ஒருநாள் அவள் இன்பராஜிடம், "ஒரு நாய்க்குட்டி வேணும்" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

நாய் வாசலில் வந்து படுக்கும்வரை காத்திருப்போம் என்று இன்பராஜுக்குத் தோன்றவில்லை. மாடிக்கு எந்த நாய் வரும்? விசாரித்ததில் கணியம்பாடியில் கோமளவல்லி டீச்சர் இருக்கிறார், தெருவில் தவிக்கிற குட்டிகளை எடுத்து வளர்த்து நல்ல வீடாகப் பார்த்துத் தருகிறார், இலவசம் என்று தெரிந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவனுக்கு நாய்மேல் பாசம் வந்துவிட்டது. வீட்டு ஓனரும் வரவேண்டும் என்று டீச்சர் சொன்னதால் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு, எங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். காப்பி அடிக்கக் கூடாதாம்.

"வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு மேடம்" என்றான் இன்பராஜ்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செத்துட்டா குட்டியை யார் பாத்துப்பாங்க?"

இன்பராஜ் திரும்பி என்னைக் கைகாட்டினான். "ஓனர் இருக்காரு மேடம். தேவசகாயம் அங்கிள்."

டீச்சர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "இவர் அதுக்கு முன்னாடியே போயிடுவாரு" என்றார், என் முகத்துக்கு நேராக. நானும் தலையாட்டினேன். கணக்கு சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே.

"நாய் குரைச்சா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா பெரியவரே?"

"தோல்ல சதை வழிக்கிற மிஷின் பக்கத்துல முப்பது வருஷம் நின்னவன்மா நான். கடைசி நாள்ல தூதர்கள் எக்காளம் ஊதினாக்கூட, இன்னொரு தபா ஊதுங்கன்னு கேப்பேன்."

எனக்கு டிக் போட்டார். நான் பாஸ்.

அதன் பிறகு இலவசத்தின் விலையைச் சொல்ல ஆரம்பித்தார். இதுவரை போட்ட ஊசிக்கு நாலாயிரம் நன்கொடை. கருத்தடை ஆபரேஷனுக்கு ஐயாயிரம் டெபாசிட். பால்கனிக்குக் கம்பிவலை. மெத்தை, சோப்பு, பூச்சி மருந்து. மாசம் ஒருமுறை வீடியோ. இன்பராஜ் செல்போனில் கூட்டிக்கொண்டே வந்தான். இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

"மேடம், ஃப்ரீன்னு சொன்னீங்களே?"

"குட்டி ஃப்ரீதான். நீங்க குட்டிக்குத் தகுதி ஆகறதுக்குத்தான் செலவு."

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இன்பராஜ் தொழில் புத்தியில் ஒன்று கேட்டான். "சரி மேடம், குட்டில ஏதாச்சும் டிஃபெக்ட் இருந்தா யார்கிட்ட கிளைம் பண்றது?"

டீச்சர் பேனாவுக்கு மூடி போட்டார். "நீங்க ஃபெயில்" என்றார்.

இவ்வளவும் நடக்கும்போது மெர்சி ஸ்டூலில் இல்லை. குட்டிகள் இருந்த கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் செவலைக் குட்டி ஒன்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தூங்கியது. பின்னங்காலில் ரெண்டு விரல் மட்டும் வெள்ளை. மூடிக் கிடக்கிற தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில், நாலு குட்டிகளாகக் கிடைத்ததாம். "இது மட்டும் தொட்டியில விரலை விட்டுப் பாத்துட்டு வந்திருக்கு" என்றார் டீச்சர். கிளம்பும்போது அதன் வாயிலிருந்து தலைப்பை உருவ மெர்சிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இன்பராஜ் அந்தக் குட்டியைப் பார்க்கவே இல்லை. அவன் கண் செல்போன் கணக்கிலேயே இருந்தது.

ஆம்பூர் வரும்வரை மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இன்பராஜ்தான் பேசிக்கொண்டு வந்தான். "ஃப்ரீ சரக்குல இதான் மெர்சி பேஜாரு. கிளைம் போட முடியாது. காசு குடுத்து வாங்கினாத்தான் நம்ம கை மேல இருக்கும்."

காசு கொடுக்கிறேன் என்று ஒருத்தன் மனசுக்குள் நினைத்தாலே நயீம் பாய்க்குத் தெரிந்துவிடும். நயீம் அகமது தோல் தரகர். வாங்குகிறவனிடமும் கமிஷன் வாங்குவார், விற்கிறவனிடமும் வாங்குவார். ஒரு கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் மொய் வாங்கிக்கொண்டு வந்த ஒரே மனுஷர் இவர்தான். மறுநாளே மாடிக்கு வந்தார்.

"நாய்தானே இன்பா? ஏலகிரில நம்ம தோஸ்த் ஒருத்தர் இருக்காரு, பிரேம்நாத்துன்னு. கென்னல் வச்சிருக்காரு. பெல்ஜியம் சரக்கு."

"எந்த ஊரு பாய்?"

"பெல்ஜியம்."

இன்பராஜின் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை அவன் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. பெல்ஜியம் அனுப்புகிறது, இன்பராஜ் வாங்குகிறான். இனிமேல் பூதக்கண்ணாடி யார் கையில்?

மூணு வாரம் கழித்து, சரக்கு வந்துவிட்டது என்று பாய் சொன்னதும் ஏலகிரிக்கு ஏறினோம். கொண்டை ஊசி வளைவு பதினாலு என்று போர்டில் இருக்கிறது. நயீம் பாய் பேசிக்கொண்டே வந்ததில் நாற்பது வளைவு இருந்தது. கென்னலில் குட்டியின் அப்பா படம் சுவரில் மாட்டியிருந்தது. மார்பில் மெடல், பார்வையில் டி.எஸ்.பி. தோரணை. அம்மா படம் இல்லை.

"அம்மா எங்க?" என்று கேட்டேன்.

"பெல்ஜியத்துலயே இருந்துட்டாங்க" என்றார் பிரேம்நாத், கொஞ்சம் வருத்தமாக.

குட்டிக்குச் செவலை உடம்பு, கறுப்பு மூக்கு, தொங்கல் காது. "பெல்ஜியம்னா காது நிக்கணுமே?" என்றான் இன்பராஜ்.

"நிக்கும் சார். பிளேன்ல வந்த களைப்பு."

டீச்சர் மாதிரி இவர் பரீட்சை எல்லாம் வைக்கவில்லை. எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கேஷா, ஜிபேவா?"

நாற்பத்தைந்தாயிரம் பேசி முடித்தார்கள். இருபது அட்வான்ஸ், மிச்சம் இருபத்தைந்து ஒரு மாசம் சரக்கைப் பார்த்துத் திருப்தியான பிறகு. தோல் ஊர் வழக்கம் அது. பிரேம்நாத் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவரைக் கண்டால் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இன்பராஜ் கையைக் குலுக்கினான்.

குட்டிக்குப் பாஸ்கல் என்று பெயர் வைத்தான். "பாஸ்கல், உக்காரு! பாஸ்கல், வாயை மூடு!" என்று அதட்டுவதில் அவனுக்குப் பாதி ரத்தக்கொதிப்பு குறைந்தது என்று டாக்டரே சொன்னார். மெர்சி அதைப் பாசு என்று கூப்பிட்டாள். பாசு அவள் பாதத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. அவள் எழுந்தால் அதுவும் எழுந்தது. அவள் அதனிடம் பேசிய பேச்சில் சுவர்க் கடிகாரம் பொறாமைப்பட்டு நின்றே போய்விட்டது. புது செல் போட்டும் ஓடவில்லை.

இன்பராஜ் கிளைம் வேலையை ஆரம்பித்தான். இடது காது வலது காதைவிடக் கால் அங்குலம் கீழே, ரெண்டாயிரம் கழிவு. முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்த்தான், கையோடு வந்தது. தோல் லூசு, மூவாயிரம் கழிவு. வாலில் வளைவு, குரைப்பதில் கரகரப்பு, கொட்டாவி விடும்போது வாடை. ஒவ்வொன்றுக்கும் போட்டோ, சிவப்பு வட்டம். பிரேம்நாத் ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்ட கை படம் அனுப்பினார். அது இன்பராஜுக்கு இன்னும் உற்சாகமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் ஷூவுக்குச் செய்கிற சாய டெஸ்டைப் பாசுவுக்குச் செய்தான். வெள்ளைத் துணியை ஈரமாக்கி, தோலை இருபது தடவை தேய்ப்பார்கள்; துணியில் கலர் ஏறினால் சரக்கு ஃபெயில். முதுகைத் தேய்த்தான், ஒன்றும் இல்லை. மூக்கைத் தேய்த்தான், ஒரு ஷேடு இறங்கியது. பின்னங்காலைத் தேய்த்தான்.

"அங்கிள்! மேல வாங்க! கலர் இறங்குது!"

ஏமாந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. துணி பூரா பிரவுன். பாசுவின் பின்னங்காலில் ரெண்டு விரல் பளீரென்று வெளுத்து நின்றது.

ஈரம் துடைக்கத் துண்டோடு வந்த மெர்சி, அந்த விரல்களைப் பார்த்தாள். நின்றாள். துண்டைப் போட்டுக் காலோடு சேர்த்துச் சுருட்டி, குட்டியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் புரை இருக்கிறது. கணியம்பாடிக் கொட்டகையில் அவள் புடவையைக் கடித்துக்கொண்டு தூங்கிய குட்டியைக்கூட மறைக்கிற அளவுக்குப் புரை இல்லை.

இன்பராஜ் உள்ளே போன் எடுக்கப் போனதும், "அங்கிள், அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "தெரிஞ்சா சண்டைக்குப் போவாரு. டீச்சருக்குத் தெரிஞ்சிடும். நாமதான் ஃபெயிலாச்சே, வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் பெல்ஜியத்துக்குப் போனதே இல்ல" என்றேன்.

ஆனால் கிளைம் போடுகிறவன் வாயை யார் கட்டுவது? மாசக் கடைசியில் இன்பராஜ் எல்லாவற்றையும் கூட்டினான். கழிவு இருபத்தாறாயிரத்து ஐநூறு. கொடுக்க வேண்டிய மிச்சம் இருபத்தைந்து. ஆகவே பிரேம்நாத்தான் இவனுக்கு ஆயிரத்து ஐநூறு தர வேண்டும். இதைச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டு, வெள்ளை விரல் போட்டோவையும் பிரவுன் துணியையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். கீழே, "பெல்ஜியம் சரக்கு. கலர் இறங்குகிறது. ஏமாறாதீர்கள்." அவன் போனில் இருக்கிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்த எல்லோரிலும் கணியம்பாடி டீச்சர் ஒருத்தர் உண்டு என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து வந்து உட்கார்ந்தோம். வாசலில் கம்பிக் கூண்டு வைத்த வேன் வந்து நின்றது. பிரேம்நாத் இறங்கினார், பின்னாலேயே நயீம் பாய் இறங்கினார். பிரேம்நாத் முகத்தில் கோபமே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து இன்பராஜ் கையில் வைத்தார்.

"இந்தாங்க சார் உங்க அட்வான்ஸ், இருபது. எண்ணிக்கங்க. சரக்கைக் குடுங்க, கிளம்பறோம்."

இன்பராஜுக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"உங்களுக்குத் திருப்தி இல்ல. நான் திருப்பி எடுத்துக்கறேன்."

இன்பராஜ் நயீம் பாயைப் பார்த்தான். தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதைப் பார்த்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். "பாய், ரிட்டனா? அப்படி வழக்கமே இல்லியே? தள்ளுபடிதானே குடுப்பாங்க?"

"கப்பல்ல வந்த சரக்கு திரும்பாதுப்பா" என்றார் பாய். "இது வேன்ல வந்துது. வேன்லயே போவும்."

"வாணியம்பாடில பார்ட்டி ரெடியா இருக்காங்க சார். உங்க ரேட்டுக்கு மேலயே தர்றாங்க" என்றார் பிரேம்நாத். அப்படி ஒரு பார்ட்டி வாணியம்பாடியில் இல்லை; இந்த ஜில்லாவிலேயே இல்லை. மெர்சி தரமாட்டாள், வேனைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தது யார் என்பதை, பாய் என் பக்கம் திரும்பாமல் நின்ற நிற்பிலேயே நான் தெரிந்துகொண்டேன்.

மாடிப்படியில் மெர்சி நின்றாள். கையில் பாசு. அதன் வாயில் அவள் புடவைத் தலைப்பு.

"நான் குடுக்க மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அந்த வார்த்தையை அவள் வாயில் இன்பராஜ் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் கையிலிருந்த நோட்டுக் கட்டு சூடுபட்ட மாதிரி பிரேம்நாத்திடமே திரும்பிப் போனது.

"அப்போ பேலன்ஸ் சார்? கிளைம் இல்லாம. முழுசா."

"அதெப்படி? டிஃபெக்ட் டிஃபெக்ட்தானே?"

பிரேம்நாத் போனை எடுத்து வாசித்தார். "இடது காது கீழே இருக்குன்னு போட்டிருக்கீங்க."

இன்பராஜ் மாடியைப் பார்த்தான். மெர்சி இமைக்கவில்லை. "அது... ஒரு காது மேல கேக்கும், ஒரு காது கீழ கேக்கும். காவலுக்கு நல்லது."

"தோல் லூசு?"

"வளர்ற குட்டி பாருங்க. இஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி, கொஞ்சம் லூசாத்தான் இருக்கணும்."

"வாலு வளைவு?"

"ஸ்டைல்."

பட்டியலில் கலர் இறங்குகிற கிளைமுக்கு வரும் நேரத்தில் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோமளவல்லி டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்பராஜ்! உங்க ஸ்டேட்டஸ் பாத்தேன். அந்தக் குட்டியோட பின்னங்காலை நான் பாக்கணும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், வேனுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். "பிரேம்நாத்! நீங்க எங்க இங்க?"

விஷயம் அப்போதுதான் அவிழ்ந்தது. நாங்கள் போய்வந்த கொஞ்ச நாளில் பிரேம்நாத் டீச்சரிடம் போயிருக்கிறார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். செத்துப்போனால் குட்டியை யார் பார்ப்பார்கள் என்றதற்கு, மலையில் இருக்கிற நிலத்தையே குட்டிகள் பேரில் எழுதிவைக்கப் போவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாராம். டீச்சர் சர்வீஸில் யாருக்கும் போடாத நூற்றுக்கு நூறு போட்டு, நாலு குட்டிகளையும் டெபாசிட்டே இல்லாமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

பிரேம்நாத் அசரவில்லை. "மேடம், உங்க குட்டிங்க மலைமேல ஜம்முனு இருக்கு. இது வேற. இது பெல்ஜியம்."

டீச்சர் இன்பராஜிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கலர் இறங்குதுன்னு போட்டது நீங்கதானே? இது பெல்ஜியமா, சுண்ணாம்புத் தொட்டியா?"

இன்பராஜ் பாசுவின் காலைப் பார்த்தான். மெர்சியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளுக்கு இது முன்னாடியே தெரியும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் மந்தம், ஆனால் முட்டாள் இல்லை.

அவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஆம்பூர் சரித்திரத்திலேயே பெரிய கிளைம் ஜெயிக்கிறது. அட்வான்ஸும் திரும்பும், பேலன்ஸும் மிச்சம், ஏமாற்றினவன் மானமும் போகும். ஆனால் குட்டி டீச்சருடையது ஆகிவிடும். ஃபெயிலானவன் வீட்டில் அதை விட்டுப்போக மாட்டார். பொய் சொன்னால் குட்டி இங்கேயே இருக்கும். இருபத்தைந்தாயிரம் போகும். அத்தனை வருஷமும் வெள்ளைக்காரன் சொன்ன பொய்க்கெல்லாம் பணம் கொடுத்தவன், இப்போது தான் சொல்லப்போகிற பொய்க்குத் தானே பணம் கொடுக்க வேண்டும்.

பாசு புடவைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

"பெல்ஜியம்தான் மேடம்" என்றான் இன்பராஜ்.

"அப்போ விரல்?"

"பெல்ஜியத்துல பனி ஜாஸ்தி மேடம். அதுல நின்னு நின்னு குட்டிங்களுக்கு விரல் வெளுத்துடும். அங்க இருக்கற நம்ம பாஸ்கலுக்குக்கூட அப்படித்தான்."

எழுபது வருஷமாகக் கதை விடுகிற எனக்கே மரியாதை வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

டீச்சர் எதிரிலேயே போனை எடுத்து இருபத்தைந்தாயிரம் அனுப்பினான். "சுத்த ஜாதின்னா சர்டிஃபிகேட் இருக்குமே?" என்றார் டீச்சர். "இருக்கு மேடம், அது தனியா மூவாயிரம்" என்றார் பிரேம்நாத், கண்ணை இமைக்காமல். அதையும் அனுப்பினான். வேன் அந்தச் சந்திலிருந்து பின்பக்கமாகப் போன வேகத்தில், எந்த வண்டியும் முன்பக்கமாகக்கூடப் போய் நான் பார்த்ததில்லை. பாய் மட்டும் டீ குடிக்க நின்றார். இன்பராஜ் பக்கத்துக் கமிஷன் பாக்கி இருந்தது.

டீச்சர் படியேறிப் போய்ப் பாசுவின் காலைத் தூக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ஊசி கார்டை எடுத்து மெர்சியிடம் கொடுத்தார். "அடுத்த ஊசி இந்த மாசக் கடைசிக்குள்ள போட்டுடும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இன்பராஜ் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தான். "மேடம்... தூக்கிட்டுப் போக வரலியா?"

"எதுக்கு? நான் ஃபெயில் போட்டது உங்களை. இந்தப் பொண்ணை இல்ல. பொண்ணு தனியா வரும், குட்டியைக் குடுத்து அனுப்பலாம்னு ரெண்டு வாரம் யாருக்கும் தராம வச்சிருந்தேன். வரலை." மெர்சியின் தலையை ஒரு தட்டுத் தட்டினார். "இப்பவும் நான் ஃப்ரீயாத்தான் குடுத்திருப்பேன். நீங்கதான் பெல்ஜியம்னு சாட்சி சொல்லிக் காசும் கட்டிட்டீங்க. நான் இன்னா செய்ய?"

ஹெல்மெட்டை மாட்டினார். "மத்த மூணும் எந்தெந்த நாட்டுல இருக்குன்னு பாக்கணும். மலைக்குப் போறேன்" என்றார். அந்த வயசில் அந்த ஸ்கூட்டரில் பதினாலு வளைவையும் நேராகவே ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன். மறுநாள் கென்னல் சுவரில் டி.எஸ்.பி. படம்கூட இல்லை என்று பாய் சொன்னார். மூன்று குட்டிகள் இப்போது கணியம்பாடியில் பரீட்சைக்காகக் காத்திருக்கின்றன.

மாடியில் அன்று யாரும் இன்பராஜைத் திட்டவில்லை. மெர்சி மீன் குழம்பு வைத்தாள். அவன் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் பெல்ஜியத்திலிருந்து, அந்தப் பாஸ்கலிடமிருந்து, வழக்கம்போல கிளைம் வந்தது. இந்தத் தடவை ஷூ லேஸ் சோகமாகத் தொங்குகிறதாம். இன்பராஜ் பதில் அனுப்பினான்: "உங்களுக்குத் திருப்தி இல்லை. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். எப்போது கப்பல் அனுப்பட்டும்?" மூன்றாம் நாள், லேஸ் அழகாகத் தொங்குகிறது, முழுப் பணமும் அனுப்பிவிட்டோம் என்று வந்தது.

கம்பெனிக்குப் பல லட்சம் மிச்சம். நாய்க்கான செலவை மட்டும் இன்பராஜ் தனியாகச் சுமந்தான். முதலாளி கூப்பிட்டு முதுகில் தட்டி, ஒரு டப்பா சோன்பப்டி கொடுத்தார்.

சாயங்காலம் அதைப் பிரித்துப் பாசுவுக்கு ஒரு துண்டு போட்டான். பாசு முகர்ந்து பார்த்தது. டப்பாவில் தேதியைப் பார்த்தேன். போன தீபாவளிச் சரக்கு. பாசு அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து இன்பராஜின் காலடியில் வைத்துவிட்டு, வேறு தருவான் என்று அங்கேயே நின்றது. பிறகு மெர்சி உள்ளேயிருந்து கூப்பிட்டதும், வாலை வளைத்துக்கொண்டு ஓடிவிட்டது.

யார் கேட்டாலும் பெல்ஜியம் என்றுதான் நானும் சொல்கிறேன்.